இருவர் மட்டும், இரண்டு இரவுகள்: கோடையில் மைசூர் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெளியூர்ப் பயணத்துக்கு நாள் குறிப்பது பள்ளிக்கூடம்தான். ஆண்டுத் தேர்வு முடியவேண்டும், கோடை வகுப்பு தொடங்கியிருக்கக் கூடாது, புத்தகம் வாங்கும் நாளுக்குள் திரும்பிவிட வேண்டும். கணவன் மனைவி இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. இன்னும் குழந்தை பிறக்காதவர்கள், வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் நடுவயதினர் என்று எல்லோருக்கும் இது பொருந்தும். ஆனாலும் மே மாதத்துச் சனிக்கிழமை அதிகாலையில் சென்னை சென்ட்ரலில் மைசூர் ரயிலுக்கு நிற்கும் கூட்டத்தில் இவர்களையும் பார்க்கலாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஊரே போகும் நாளில்தான் நாமும் போகவேண்டும் என்பது நமக்கு அப்படிப் பழகிவிட்டது. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவைதான்.

கோடையில் ஏன் மைசூர் என்று சிலர் கேட்கலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வாகனத்தில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்கவேண்டும். எடுத்தாலும் மலைப்பாதையில் மணிக்கணக்கில் ஊர்ந்துதான் போகவேண்டும். புதுச்சேரி அழகுதான், ஆனால் மே மாதப் பகலில் கடற்கரைச் சாலையில் நடப்பவரை நான் வணங்குகிறேன். மைசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் உண்டு; ஏப்ரலில் 34, 35 டிகிரி வரை போகும். ஆனால் இரவில் 21, 22-க்கு இறங்கிவிடும். மாலையில் கோடை மழை ஒன்று கொட்டிவிட்டுப் போனால் மறுநாள் காலை நடக்க இதமாக இருக்கும். அங்கே மேயைவிட ஏப்ரல்தான் சுடும் என்பதைச் சென்னைக்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. நம் ஊர்க் கத்திரி வெயிலை வைத்துக் கணக்குப் போட்டு, ‘ஏப்ரலிலேயே போய்விடுவோம்’ என்று கிளம்பி வாடுகிறார்கள்.

சனி, ஞாயிறு என்ற பிடிவாதம்

வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவது பலரின் வழக்கம். மைசூருக்கு இது சரிவராது. பெங்களூரில் வேலை செய்யும் பாதிப் பேர் அந்த இரண்டு நாளும் மைசூரில்தான் இருப்பார்கள். அறை வாடகை ஏறியிருக்கும், அரண்மனையில் வரிசை நகராது, சாப்பாட்டுக்கடையில் நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நின்றுகொண்டிருப்பார்.

வார நாளில் போகலாம் என்றால் வேறொரு சிக்கல். அரண்மனை முழுவதும் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் எரியும் காட்சி ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும்தான், இரவு ஏழு மணியளவில் முக்கால் மணி நேரம்போல நடக்கும். மற்ற நாட்களில் ஒலி-ஒளிக் காட்சி முடிந்ததும் சில நிமிடங்கள் எரியும், அவ்வளவுதான். அந்த முக்கால் மணி நேரத்தைத் தவறவிட்டால் மைசூர் போனதில் ஒரு குறை இருக்கத்தான் செய்யும்.

ஆகவே ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்து செவ்வாய் கிளம்புங்கள். நீங்கள் இறங்கும் நேரத்தில் பெங்களூர்க் கூட்டம் கிளம்பத் தொடங்கியிருக்கும். மாலை ஆறரைக்கெல்லாம் அரண்மனை வளாகத்துக்குள் போய்விட்டால் விளக்கு எரியும் அந்த நொடியைப் பார்க்கலாம். திங்களும் செவ்வாயும் ஊர் உங்களுடையது. அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு கேட்கவேண்டும். பள்ளி விடுமுறைக்காக யாருடனும் போட்டி போடவேண்டாம் என்பதால், ஜூன் இரண்டாம் வாரத்தில் கேட்டால் மேலாளரே மகிழ்ச்சியாகக் கொடுப்பார். அதற்குள் இரண்டு மாநிலங்களிலும் பள்ளிகள் திறந்திருக்கும்.

ரயில் பற்றி ஒரு வார்த்தை. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பழைய நினைப்பில் நான்கு மாதம் முன்னால் தேடி, ‘இன்னும் திறக்கவில்லை’ என்று விட்டுவிட்டுப் பிறகு மறந்துபோகிறவர்கள் உண்டு. அதிகாலையில் சென்னையிலிருந்து புறப்படும் வந்தே பாரத் மதியத்துக்குள் மைசூரில் விட்டுவிடும். வாரத்தில் ஒருநாள் அது ஓடாது. எந்த நாள் என்று பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள். இரவு ரயிலான காவேரி எக்ஸ்பிரஸில் போனால் காலை ஏழு மணியளவில் இறங்குவீர்கள். விடுதி அறையோ பன்னிரண்டுக்கோ இரண்டுக்கோதான் கிடைக்கும். முகம் கழுவ இடமில்லாமல், பெட்டியை இழுத்துக்கொண்டு, சரியாகத் தூங்காத இருவர் அந்த ஐந்து மணி நேரத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் சண்டை போடமுடியும். சீக்கிரம் அறை கிடைக்குமா என்று முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள், இல்லையென்றால் பகல் ரயிலே மேல். விடுதியில் இருவருடைய அடையாள அட்டையும் கேட்பார்கள். ஒருவர் ஆதார் போதும் என்று மற்றவருடையதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பெங்களூர் வரை போய், அங்கே நண்பரின் பைக்கை வாங்கிக்கொண்டு புது நெடுஞ்சாலையில் மைசூர் போகலாம் என்று திட்டம் போடும் இளம் ஜோடிகளும் இருக்கிறார்கள். அந்தச் சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்டு 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பக்கச் சாலையில் ஊர் ஊராக நின்று போகவேண்டியிருக்கும். அதுவே பிடிக்கும் என்றால் போகலாம்.

குடும்பங்களுக்குப் போட்ட பட்டியல்

அரண்மனை, விலங்குக்காட்சி சாலை, சாமுண்டி மலை, தேவாலயம், ஸ்ரீரங்கப்பட்டணம், மாலையில் பிருந்தாவனம். இத்தனையும் ஒரே நாளில், வேனில். இந்தப் பட்டியல் யாருக்காகப் போட்டது என்று யோசியுங்கள். தாத்தா பாட்டி, பேரன் பேத்தி என்று பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்று இருக்கவேண்டும் என்பதற்காகப் போட்டது. இருவர் மட்டும் போகும்போது அதில் பாதியை வெட்டலாம்.

விலங்குகள் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அந்தக் காட்சி சாலைக்குப் போங்கள். 1892-இல் தொடங்கியது, மர நிழல் நிறைய உண்டு, செவ்வாய் விடுமுறை. பிடிக்காது என்றால், மைசூர் போய்விட்டு அதைப் பார்க்கவில்லையா என்று அத்தை கேட்பார் என்பதற்காக மூன்று மணி நேரத்தைக் கொடுக்காதீர்கள். பிருந்தாவனத்தை நான் தயக்கமில்லாமல் வெட்டிவிடுவேன். கிருஷ்ணராஜ சாகர் அணையின் அடியில் இருக்கும் பூங்கா அது. அணையைப் பார்க்கும்போது மேட்டூர் நினைவு வந்து மனம் வேறு பக்கம் போய்விடும் என்பது தனிக்கதை. நீரூற்றுக் காட்சி இருட்டிய பிறகுதான் தொடங்கும். அது முடிந்து வெளியே வந்து வண்டி நெரிசலில் ஊர் திரும்ப ஒரு மாலை முழுவதும் போய்விடும். இரண்டே மாலைகள் இருக்கும் பயணத்தில் ஒன்றை அதற்குக் கொடுப்பது அதிகம்.

வெட்டிய இடத்தில் சோமநாதபுரத்தை வையுங்கள். மைசூரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர், பன்னூர் வழி. ஹொய்சள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தளபதி சோமநாதன் 1258-இல் எடுப்பித்த கேசவர் கோயில். பேலூர், ஹளேபீடு கோயில்களோடு சேர்த்து 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மூல விக்கிரகமான கேசவர் காணாமல் போய்விட்டதால் அங்கே வழிபாடு இல்லை. தரிசன வரிசை இல்லை, அவசரப்படுத்துவோர் இல்லை. மாவுக்கல்லில் செதுக்கிய சிற்பங்களின் அடியில் சிற்பிகள் தங்கள் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். மல்லிதம்மா என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் மேல்வரிசையில் தேட, மற்றவர் கீழே யானை வரிசையைப் பார்த்துக்கொண்டு வர, இரண்டு மணி நேரம் போவது தெரியாது. சிறு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு இப்படிப் பார்க்க முடியாது. செருப்பை வெளியே விட்டுத்தான் போகவேண்டும். பதினொரு மணிக்குமேல் தளக்கல் காலைச் சுட்டுவிடும். காலுறை எடுத்துப் போங்கள், காலையிலேயே போங்கள்.

நண்பகலில் ஊர் சுற்றுவது

கோடைப் பயணத்தின் பெரும்பாலான சண்டைகள் பகல் ஒன்றரைக்கும் மூன்றுக்கும் இடையில் நடக்கின்றன என்பது என் துணிபு. பசி, வெயில், ஆட்டோக்காரரிடம் பேரம் எல்லாம் சேர்ந்துவிடும் நேரம் அது. அந்த நேரத்தில் அறையில் இருங்கள். தூங்குங்கள். பணம் கொடுத்த அறையில் பகலில் இருப்பது வீண் என்று நினைப்பவர்கள் மாலைப் பொழுதை எரிச்சலில் வீணாக்குகிறார்கள்.

மதியம் அறைக்குத் திரும்பவேண்டும் என்றால் அறை ஊருக்குள் இருக்கவேண்டும். படத்தில் நீச்சல்குளத்தைப் பார்த்து மயங்கி, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு ரிசார்ட்டில் அறை போடுவது இரண்டு இரவுப் பயணத்தில் பெரும் பிழை. குளம்தான் வேண்டும் என்றால் அங்கேயே கிடக்கலாம், மைசூர் வரை போகவே வேண்டியதில்லை. ரயில் நிலையத்தை ஒட்டிய யாதவகிரியோ அரண்மனையைச் சுற்றிய தெருக்களோ போதும்.

திங்கட்கிழமையை இப்படி வைத்துப் பாருங்கள். விடியற்காலையில் நகரப் பேருந்திலோ வண்டியிலோ சாமுண்டி மலைக்கு ஏறி, இறங்கும்போது படிக்கட்டில் நடந்து வாருங்கள். ஆயிரத்துக்குக் கொஞ்சம் அதிகமான படிகள். ஏறினால்தான் புண்ணியம் என்று பிடிவாதம் பிடித்து ஏறி, அன்று முழுவதும் கால் பிடித்துக்கொண்டு உட்காருபவர்களைப் பார்க்கலாம். இறங்கும் வழியில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கிறது, 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கீழே வந்ததும் நசர்பாத்தில் மைலாரி தோசை. மெத்தென்று இருக்கும், மேலே வெண்ணெய் உருகும். மொறுமொறுவென்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

அரண்மனை பத்து மணிக்குத் திறக்கும். திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள். பழைய மர அரண்மனை 1897-இல் எரிந்துபோக, இன்றைய கட்டடத்தை வடிவமைத்து 1912-இல் முடித்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டி முடித்தவரும் அவரே. இது தெரிந்து பார்த்தால் கல்யாண மண்டபத்தின் மயில் வண்ணக் கண்ணாடிக் கூரையும் அடுக்கடுக்கான வளைவுகளும் பாரிமுனையில் பார்த்த கட்டடத்துக்குத் தூரத்து உறவாகத் தெரியும். மாலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஒரு நடை. அதன்பின் தேவராஜ மார்க்கெட், வயிற்றில் இடம் இருந்தால் ஏதாவது. அன்றைக்கு அது போதும்.

ஒருவர் மட்டும் திட்டமிடுவது

பெரும்பாலும் வீட்டில் ஒருவர்தான் டிக்கெட், அறை, வண்டி எல்லாம் பார்க்கிறார். மற்றவர் “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு, அங்கே போனபிறகு குறை சொல்கிறார். பெருந்தன்மைபோலத் தோன்றும் அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை. இருவரும் ஆளுக்கு ஒரு இடத்தைச் சொல்லி, அதை மற்றவர் மறுக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு செலவு என்பதையும், புடவைக்கடைக்குப் போகப்போகிறோமா இல்லையா என்பதையும் ரயில் ஏறுமுன் பேசிவிடுங்கள். மைசூர் பட்டு மலிவல்ல. கர்நாடக அரசு நிறுவனத்தின் காட்சியகத்துக்கு நீங்களே வழி கேட்டுப் போவது ஒன்று. “அரசுக் கடைதான் சார், பார்த்தால் போதும்” என்று ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடை வேறு. அங்கே விற்பனையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கும்.

இன்னொன்று உறவுக்காரர்கள். ‘இருவர்தானே போகிறீர்கள், வண்டியில் இடம் இருக்குமே, நம்ம வித்யாவையும் பசங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்’ என்று சொல்ல ஒரு பெரியம்மா எல்லா வீட்டிலும் உண்டு. குழந்தை இல்லாதவர்களிடம் இதை உரிமையோடு கேட்பார்கள், மறுத்தால் அதற்கும் ஒரு காரணத்தை அவர்களே கற்பித்துக்கொள்வார்கள். டிக்கெட் எடுத்தபிறகு சொல்வதே நல்லது. மைசூரில் இருக்கும் தூரத்துச் சொந்தத்தின் வீட்டில் ‘ஒரு வேளை’ சாப்பிடுவதற்கும் இதே விதிதான். அந்த ஒரு வேளை காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை நீளும்.

செவ்வாய்க்கிழமை மதிய ரயிலில் திரும்புகிறவர்களுக்குச் சோமநாதபுரம் கைகூடாது. போகவேண்டும் என்றால் இரவு காவேரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்து, காலையில் அறையைக் காலி செய்து, பெட்டியை விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். மைசூர்பாகை மட்டும் ரயில் ஏறும் மாலையில் வாங்குங்கள். அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் வழியினர் நடத்தும் கடை சயாஜி ராவ் சாலையில் மார்க்கெட்டை ஒட்டியே இருக்கிறது. நெய் மிகுந்த மென்மையான வகை கோடையில் பைக்குள் கசிந்துவிடும், துணிகளோடு வைக்காதீர்கள்.