தெரிந்த சொல்தானே என்று ஏமாறாதீர்கள்: ஓசூர்ப் பக்கம் வினைச்சொற்களில் நேரும் தவறுகள்

வேலைக்காகத் தெற்கிலிருந்து ஓசூர் வருகிறவர்கள் சில மாதத்திலேயே தெலுங்கும் கன்னடமும் பிடிபட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். பெயர்ச்சொல்லில் பெரிய ஆபத்தில்லை, பொருளைக் கைகாட்டிக் கேட்டுவிடலாம். வம்பெல்லாம் வினைச்சொல்லில்தான், அதுவும் தமிழ் மாதிரியே ஒலிக்கும் வினையில். சென்னையில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர் எல்லிஸ் 1816இலேயே இந்த மூன்று மொழிகளின் வேர்ச்சொற்களை அருகருகே வைத்து உறவைக் காட்டினார். வேர் ஒன்றாக இருப்பதுதான் இங்கே சிக்கலே.

முதலில் சாப்பாட்டு விஷயம். தெலுங்கு பேசும் வீட்டில் 'தின்னாரா?' என்பார்கள். தமிழில் மாடு தின்னும், ஆடு தின்னும். மனுசனிடம் சொன்னால் முறுக்கு, கடலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கோபத்தில் 'தின்னுட்டுத் தொலை' என்பதும் உண்டு. தெலுங்கில் அந்தக் கடுப்பெல்லாம் இல்லை. 'தின்னாரா' என்றால் 'சாப்பிட்டீங்களா' என்கிற அதே மரியாதைதான், முகம் சுளிக்காதீர்கள். கன்னட வீட்டில் 'ஊட்டா மாடிதிரா?' என்பார்கள். 'மாடு' என்றால் செய் என்று அரைகுறையாகத் தெரிந்தவர், 'இல்லீங்க, வீட்ல அவங்கதான் சமைச்சாங்க' என்று பதில் சொல்லிவிடுவார். அவர்கள் கேட்டது சாப்பிட்டாச்சா என்று. சமைப்பதற்கு 'அடிகெ மாடு' எனத் தனியாக இருக்கிறது.

அப்புறம் 'படு'. தெலுங்கில் அதற்கு விழு என்று பொருள். 'பிள்ளவாடு படிபோயாடு' என்று யாராவது ஓடிவந்தால், படுத்திருக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பையன் கீழே விழுந்திருக்கிறான். படுத்துக்கொள்வது 'படுக்கோ'. கன்னடத்தில் 'ஓது' படிப்பதற்கு, 'ஓடு' ஓடுவதற்கு. ஓதுவாரை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

'கேள்' தமிழிலும் கன்னடத்திலும் காதால் கேட்கவும் உதவும், விலை கேட்கவும் உதவும். தெலுங்கு இரண்டையும் பிரித்துவிடும். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் ஒருவரை விலை கேட்கச் சொல்ல நினைத்து 'வினண்டி' என்றால், அவர் நீங்கள் ஏதோ சொல்லப்போகிறீர்கள் என்று காத்திருப்பார். அங்கே 'அடகண்டி' வேண்டும்.

விகுதியிலும் கவனம் தேவை. தெலுங்கில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒருமையில் ஒரே முடிவு: 'வச்சிந்தி'. அதே பழக்கத்தில் சிலர் தமிழிலும் 'அக்கா வந்துச்சு' என்பார்கள். அதில் அவமரியாதை ஏதுமில்லை. நாமே 'அந்தப் பொண்ணு வந்துச்சு' என்கிறவர்கள்தானே. ஆனால் நீங்கள் தெலுங்கில் பேசும்போது வீட்டுக்கார அம்மாவைப் பற்றி 'வச்சிந்தி' என்று சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கு 'வச்சாரு'தான் சரி.

'மீக்கு தெலுகு வச்சா?' என்று கேட்டால், எதையோ எங்கோ வைத்தோமா என்று தேட வேண்டாம். தெலுங்கு வருமா என்கிறார்கள். 'கொஞ்செம் கொஞ்செம் வச்சு' என்று சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தை அவர்களே மெதுவாகப் பேசிப் பழக்கிவிடுவார்கள்.