எஸ்க்யூலைட்டில் ‘டேட்டாபேஸ் ஈஸ் லாக்ட்’: பல திரெட்டுகள் எழுதும்போது பூட்டுப் பிழையைத் தீர்ப்பது எப்படி?

பைத்தான் நிரல் ஒன்றில் நான்கைந்து திரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் சிறிய தரவுத்தளம்) கோப்பில் எழுதத் தொடங்கியதும் ‘டேட்டாபேஸ் ஈஸ் லாக்ட்’ என்ற பிழை தலைகாட்டினால், நம்மில் பலரும் முதலில் கை வைப்பது காத்திருப்பு நேரத்தில்தான். பைத்தானின் எஸ்க்யூலைட் தொகுதி இயல்பாகவே 5 விநாடி காத்திருக்கும். அதை 30 ஆக்கிய பிறகும் பிழை வருகிறதென்றால், பரிவர்த்தனை (ஒரே தொகுப்பாக நடந்து முடியும் கட்டளைகள்) எப்படித் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் பிழை எண்ணைப் பாருங்கள், பைத்தான் 3.11 முதல் அது விதிவிலக்கோடு சேர்ந்தே கிடைக்கிறது. 5 என்றால் வேறொரு இணைப்பு பூட்டைப் பிடித்திருக்கிறது. 6 என்றால் மோதல் அதே இணைப்புக்குள்ளோ பல இணைப்புகள் பகிரும் கேச்சுக்குள்ளோ (தற்காலிக நினைவகம்) நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ‘லாக்ட்’ என்று பெயரிடப்பட்ட பிழை 6தான். ஆனால் தலைப்பில் உள்ள செய்தியைக் காட்டுவது ‘பிஸி’ எனப்படும் 5.

எஸ்க்யூலைட்டில் பூட்டு அட்டவணையின் வரிசைக்கு வரிசை விழுவதில்லை. கோப்பு முழுவதற்கும் ஒரு நேரத்தில் ஒருவரே எழுத முடியும். சரக்கு இருப்பைக் குறைக்கும் ஒரு திரெட்டை எடுத்துக்கொள்வோம். வெறும் ‘பிகின்’ கொடுத்துத் தொடங்கி, இருப்பு 12 என்று படித்துவிட்டு, 11 என எழுதப் போகிறது. இடையில் இன்னொரு திரெட் எழுதி முடித்துவிட்டால், முதல் திரெட்டின் கையில் இருப்பது பழைய நிலை. வால் (WAL, மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதுவது) முறையில் இந்த இடத்தில் 517 என்ற விரிவான பிழை எண் உடனே திரும்பும். எவ்வளவு காத்திருந்தாலும் பழைய நிலை புதிதாகாது என்பதால் காத்திருப்பு நேரம் கணக்கிலேயே வராது. எழுதப் போவது உறுதியென்றால் ‘பிகின் இம்மீடியட்’ என்றே தொடங்குங்கள். பூட்டு கிடைத்த பிறகே படிப்பு நடக்கும், காத்திருப்பு நேரமும் அப்போதுதான் உண்மையாக வேலை செய்யும்.

ஜர்னல் முறையை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் விதம்) வால் ஆக மாற்றுவது அடுத்த வேலை. 2010இல் 3.7.0 பதிப்போடு வந்த இந்த முறையில் படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் மறிப்பதில்லை. இது கோப்பிலேயே பதிவாவதால் ஒருமுறை செய்தால் போதும். பிணைய வட்டில் உள்ள கோப்புக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது.

திரெட்டுக்கு ஓர் இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திரெட்தானா என்ற பைத்தானின் சோதனையை அணைத்துவிட்டு ஒரே இணைப்பைப் பகிர்ந்தால், ஒரு திரெட்டின் ‘கமிட்’ இன்னொன்றின் பாதி வேலையையும் சேர்த்து உறுதிப்படுத்திவிடும்.

என் நிரல் ஒன்றில் இவையெல்லாம் சரியாக இருந்தும் பிழை நிற்கவில்லை. தேடிப் பார்த்தால், ‘இன்சர்ட்’டுக்கும் ‘கமிட்’டுக்கும் நடுவே ஓர் இணையச் சேவையை அழைத்து, அதன் பதிலுக்காகப் பூட்டைப் பிடித்தபடியே காத்திருந்தேன். அந்த அழைப்பைப் பரிவர்த்தனைக்கு வெளியே நகர்த்தியதும் சிக்கல் தீர்ந்தது.

மறுமுயற்சி தேவைப்பட்டால், ‘ரோல்பேக்’ (அதுவரை செய்த மாற்றங்களைக் கைவிடுவது) செய்துவிட்டுச் சில மில்லி விநாடிகள் விட்டு, படிப்பிலிருந்து முழுப் பரிவர்த்தனையையும் மறுபடி நடத்துங்கள். தோற்ற கட்டளையை மட்டும் திரும்ப ஓட்டினால் பழைய 12தான் கையில் நிற்கும். எழுதும் திரெட்டுகள் மிகுதி என்றால், எல்லா எழுத்தையும் ஒரு கியூவில் போட்டு, ஒரே திரெட் அதிலிருந்து எடுத்து எழுதும்படி அமைத்துவிடுவதே என் விருப்பம்.