புரத அமைப்பு ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

புரத அமைப்பு ஆய்வுக்கு வரும் மாணவர்களிடம் திரையைக் காட்டி, "இந்தப் படம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பேன். "பிடிபியிலிருந்து டவுன்லோட் செய்தது" என்பார்கள். பிடிபி என்பது புரத அமைப்புகளைச் சேர்த்துவைத்திருக்கும் பொதுத் தரவுத்தளம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ரிப்பன் போலச் சுழலும் அந்த உருவம் புகைப்படம் அல்ல, ஒருவர் கட்டிய மாதிரி. புரதப் படிகத்தில் பட்டுச் சிதறிய எக்ஸ் கதிர்ப் புள்ளிகளைக் கணக்கிட்டு, எலக்ட்ரான்கள் எங்கே செறிந்திருக்கின்றன என்று காட்டும் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் போடுகிறோம். அதற்குள் அணுக்களைப் பொருத்தும்போது நம் விருப்பமும் சேர்ந்தே நுழையும். மருந்து ஒட்டும் இடத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன் அந்த வரைபடத்தையும் இறக்கிப் பாருங்கள். மருந்து மூலக்கூறு வரைந்திருக்கும், அடியில் அடர்த்தியே இருக்காது. அப்படிப்பட்ட கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

யாரோ எழுதிவைத்த நிரலைச் சோதிக்காமல் ஓட்டுவது இன்னும் ஆபத்து. செல் சவ்வில் இருக்கும் கடத்திப் புரதங்களைப் பற்றி சயன்ஸ் இதழில் எழுதிய மூன்று கட்டுரைகளை ஓர் அமெரிக்க ஆய்வகம் 2006 டிசம்பரில் திரும்பப் பெற்றது. சொந்த நிரல் ஒன்று தரவின் இரண்டு பத்திகளை (நெடுவரிசைகளை) இடம் மாற்றிவிட்டது. அதனால் வரைபடம் கண்ணாடிப் பிம்பம்போல வலம் இடமாகத் திரும்பி, அதில் கட்டிய அமைப்பும் தவறாகிப் போனது. அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு புரதத்தின் அமைப்பை சுவிட்சர்லாந்தில் கண்டறிந்த பிறகுதான் இது வெளியில் தெரிந்தது. கைக்கு வரும் எந்த நிரலையும், விடை தெரிந்த லைசோசைம் என்ற புரதத்தின் தரவில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க அரை நாள் போதும்.

புரதத்தின் அமைப்பைக் கணினியில் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு புதுக் குழப்பம் ஒன்று சேர்ந்திருக்கிறது. சோதனையில் கண்ட அமைப்பின் கோப்பில் பி-காரணி என்றொரு பத்தி உண்டு. அதில் எண் கூடினால் அந்த அணுவின் இடம் உறுதியில்லை என்று பொருள். ஆல்ஃபாஃபோல்ட் அதே பத்தியில் தன் நம்பகத்தன்மை மதிப்பெண்ணை எழுதுகிறது. அங்கே எண் கூடினால் நல்லது. ஒரு மாணவி பழைய வழக்கப்படி நிறம் தீட்டி, புரதத்தின் மிக உறுதியான நடுப்பகுதியை "ஆடும் பகுதி" என்று கருதிப் பல நாள் உழைத்துவிட்டாள். மதிப்பெண் 50-க்குக் கீழே இருந்து இடியாப்பம்போல நீளும் பகுதிகளுக்கும் உயிரியல் விளக்கம் தேடாதீர்கள். பெரும்பாலும் அவை நிலையான வடிவமே இல்லாத பகுதிகள்.

செல்லுக்குள் புரதம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒளிரும் புரதத்தை ஒட்டி, அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவைப்பவர்கள் உண்டு. நெரிசலில் அது இருக்கக்கூடாத இடத்திலும் போய் நிற்கும். இயல்பான அளவிலும் பார்த்துவிடுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது, விமர்சனம் வந்ததும் முகம் திருப்பிக்கொள்வது. இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். 1952-ல் அங்கு வந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே. டி. பெர்னல், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் அமைப்பு தெளிவாகவில்லை என்று சொல்ல, பக்கத்தில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிரில் வைத்தார்கள். 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் மூன்று இழை அமைப்பை வெளியிட்டார், 1955-ல் திருத்தினார். அதில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்று அலெக்சாண்டர் ரிச்சும், டிஎன்ஏ அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் குறை சொன்னார்கள்.

அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன் இதையே ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். சசிசேகரனோடு சேர்ந்து, அதுவரை வெளியான படிக அமைப்புகளில் அணுக்களுக்கு இடையிலான தூரங்களைத் திரட்டினார். அந்தத் தூரங்களை வைத்து, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று கணக்கிட்டு 1963-ல் வெளியிட்டதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று பிடிபிக்குப் போகும் ஒவ்வொரு புரத அமைப்பையும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

அந்த வரைபடத்திலும் ஒரு தவறு நடக்கிறது. முடியும் கோணங்களின் எல்லைக்கு வெளியே நிற்கும் அமினோ அமிலங்களின் புள்ளிகளை நிரலின் கட்டுப்பாட்டால் உள்ளே தள்ளிவிட்டு, "ஒன்றுகூட வெளியே இல்லை" என்று கட்டுரையில் எழுதுகிறார்கள். வெளியே நிற்கும் அமினோ அமிலம் ஒன்றைக் கண்டால், முதலில் அந்த இடத்தின் அடர்த்தியைப் பாருங்கள். அடர்த்தி தெளிவாக இருந்தால் அதை அங்கேயே விடுங்கள். நொதி வேலை செய்யும் இடத்தில்கூட அப்படி ஒன்று நிற்பதுண்டு.