ஊரில் உள்ள வீடு வளவுக்கு யாரை வைப்பது: புரொப்பர்ட்டி மனேஜரா, எஸ்டேட் மனேஜரா?

வெளிநாட்டில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஆள் தேடுபவர்கள் "நம்பிக்கையான ஆள் ஆராவது இருக்கினமோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த ஆளுக்கு என்ன வேலை என்பதை அதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டையும் குடியிருப்பவரையும் பார்ப்பவர் புரொப்பர்ட்டி மனேஜர். வீடு, தோட்டம், பனங்காணி, கிணறு, வேலி, கூலியாள், வரி எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பவர் எஸ்டேட் மனேஜர். உறுதியும் தோம்பும் (காணிப் பதிவேட்டில் உள்ள பதிவு) உங்கள் பெயரில் ஒழுங்காக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: வேலையை இரண்டு பக்கமாக எழுதுங்கள்

ஒரு பக்கத்தில் குடியிருப்பவரால் வரும் வேலைகள்: வாடகை, கரண்ட் பில், தண்ணீர் மோட்டர், ஒப்பந்தம் புதுப்பித்தல். மறுபக்கத்தில் வீட்டில் ஒருவரும் இல்லாவிட்டாலும் வரும் வேலைகள்: மாரிக்கு முன் பீலியில் சருகு அள்ளுவது, பற்றை வெட்டுவது, கதியால் (வேலிக்கு நடும் உயிர்த்தடி) போடுவது, தேங்காய் பிடுங்குவது, சோலை வரி (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் ஆதன வரி) கட்டுவது. வரியை ஆண்டு முழுவதற்கும் சனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. பூட்டிய வீட்டில் நுளம்பு பெருகினாலும் 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வழக்கு வரலாம், வெளிநாட்டில் இருந்தேன் என்பது கைகொடுக்காது.

முதல் பக்கம் நீண்டால் புரொப்பர்ட்டி மனேஜர், இரண்டாவது நீண்டால் எஸ்டேட் மனேஜர். திருநெல்வேலியில் மாணவர்களுக்கு அறை அறையாக விட்ட வீட்டுக்கு முதலாமவரே போதும். தென்மராட்சியில் பழைய நாற்சார் வீடும் 12 பரப்புத் (பரப்பு என்பது யாழ்ப்பாணத்துக் காணி அளவு) தென்னங்காணியும் இருந்தால் வாடகைக் கமிஷனுக்கு வருபவர் வேலிப்பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார், அதில் அவருக்கு வருமானம் இல்லை. நாலு பரப்பில் ஒரு வீடு மட்டும் வைத்துக்கொண்டு எஸ்டேட் மனேஜர் தேடுவது என் கணிப்பில் வீண் செலவு.

படி 2: காசு

கனடா, அமெரிக்காப் பக்கம் புரொப்பர்ட்டி மனேஜருக்கு வாடகையில் 8 முதல் 12 வீதம் கொடுப்பது வழக்கம். இங்கே பேசித்தான் தீர்க்க வேண்டும். எப்படித் தீர்த்தாலும் வாடகை உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரே வரட்டும், கமிஷனை நீங்கள் அனுப்புங்கள்.

எஸ்டேட் மனேஜருக்கு மாதச் சம்பளம். அதோடு கையில் ஒரு நிலையான தொகை, 25,000 ரூபா என்று வையுங்கள். பில் காட்டிய அளவுக்கு அதை மீண்டும் நிரப்புங்கள், அதற்கு மேற்பட்ட செலவுக்குக் கேட்டுவிட்டுச் செய்யட்டும். கணக்குக்கு ஒரு சீ.ஆர். கொப்பியே (தடித்த அட்டை போட்ட கொப்பி) என் தெரிவு: மாதக் கடைசியில் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் போதும். வட்ஸ்அப் குரல்பதிவு கணக்காகாது.

"மோட்டர் எரிஞ்சுபோச்சு" என்று சொன்னால் உடனே காசு அனுப்பாதீர்கள். உறுமல் சத்தம் மட்டும் வந்து சுழலாமல் நின்றால் பல வேளை கப்பாசிற்றர்தான் போயிருக்கும். அதை மாற்றும் செலவு, கம்பி சுற்றும் செலவில் சிறு பங்கு. கழற்றிய பழைய பாகத்தின் படத்தையும் கடைப் பில்லையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 3: அற்றோணி, அதாவது உங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம் (இங்கேதான் பலர் சறுக்குவது)

"எதுக்கும் இருக்கட்டும்" என்று பொது அற்றோணித் தத்துவம் கொடுத்துவிடுகிறார்கள். பொதுவாக எழுதப்படும் வாசகத்தில் விற்பதும் ஈடு வைப்பதும் அடங்கிவிடும். இரண்டு வகை மனேஜருக்கும் அது தேவையில்லை. விசேட அற்றோணி எழுதுங்கள். வரி, மின்சாரம் கட்டுவது, பிரதேச சபைக்கும் பொலிஸுக்கும் போவது, இன்ன காலத்துக்கு மேற்படாமல் வாடகைக்கு விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். விற்பனை, ஈடு, நன்கொடை, எல்லை இணக்கம் ஆகியவற்றுக்கு அதிகாரம் இல்லை என்றும் வெளிப்படையாக எழுதுங்கள். வெளிநாட்டில் இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் இங்கே பதியலாம். கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் அதோடு முடியும்.

வாடகை ஒப்பந்தத்திலும் ஒரு பொறி உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மனேஜரும் குடியிருப்பவரும் கடையில் வாங்கிய படிவத்தில் கையெழுத்து வைத்தால், ஒரு வருடம் என்று அதில் எழுதிய காலக்கெடு நீதிமன்றத்தில் நிற்காது.

வீட்டிலேயே தங்கும் மனேஜர் என்றால் இன்னொரு கடிதம் வேண்டும்: "உரிமையாளரின் அனுமதியோடு, அவருக்காகவே தங்கியிருக்கிறேன், கேட்டால் விட்டுப் போவேன்." 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் தடையின்றி ஆண்டுவந்தவர் உரிமை கோரலாம். அனுமதியோடு இருப்பவருக்கு அந்தக் கணக்கு ஓடாது, ஆனால் அனுமதி இருந்தது என்பதற்கு உங்கள் கையில் எழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்சி உறுதி (நீண்டகாலம் ஆண்டுவந்ததாகச் சொல்லி எழுதும் உறுதி) முடித்துவிட்டு வந்து நிற்பார்கள். கடிதத்தை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

படி 4: எல்லையைப் பதிந்துவிட்டு ஒப்படையுங்கள்

நில அளவைப் படத்தோடு வளவைச் சுற்றி நடந்து ஒவ்வொரு கல்லையும் படமெடுங்கள். கிணற்றுக் கட்டிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் ரேப் பிடித்து அளந்து, எண்ணைப் படத்திலேயே எழுதுங்கள். கதியால் மாற்றும்போது ஒரு சாண் உள்ளே போட்டால் அந்த வருடம் ஒருவருக்கும் தெரியாது. 30 அடி வேலியில் முக்கால் அடி என்றால் இருபத்திரண்டு சதுர அடிக்கு மேல் போய்விடும், அடுத்த அடைப்பில் இன்னும் கொஞ்சம். வேலி அடைக்கும் நாளில் மனேஜர் காணியில் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பலா, பனை தறிப்பதற்கு அனுமதி எடுக்கவேண்டியதும் அவர் பொறுப்பு.

பிறகு சேர்த்தது: காணி மூன்று சகோதரங்கள் பெயரில் பிரிபடாமல் இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஒருவர் கொடுக்கும் அற்றோணி அவருடைய பங்குக்கு மட்டுமே செல்லும், ஆகவே மூவரும் கொடுக்க வேண்டும். கட்டளை இடுபவர் மட்டும் ஒருவராக இருக்கட்டும். லண்டனில் இருப்பவர் மாமரத்தை வெட்டச் சொல்லி, ரொறன்ரோவில் இருப்பவர் வேண்டாம் என்றால் மனேஜர் இரண்டு பேருக்கும் "ஓம்" சொல்லிவிட்டு இருந்துவிடுவார். இந்த நிலையில் கணக்குக் கொப்பியின் படம் மூவருக்கும் போகவேண்டும், செலவுக்கு அனுமதி சொல்பவர் யார் என்பது முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.