துரைசானியோடு நிறுத்திவிடாதீர்கள்

காலனி கால ஆங்கில நாவல்களில் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுத வரும் மாணவிகள் பெரும்பாலும் துரைசானியை, அதாவது காலனிக்கு வந்த வெள்ளைக்காரச் சீமாட்டியைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை: பணத்தைப் பின்தொடருங்கள்.

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘பர்மீஸ் டேஸ்’ (1934) நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர் அவர். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் சேர்ந்திருந்ததால் கணக்கெல்லாம் ரூபாயில்தான். பென்சிலோடு உட்கார்ந்து, பெண் வரும் பக்கங்களில் காசு பேசப்பட்டால் கோடு போடுங்கள். ஆங்கிலேய மர வியாபாரி ஃபுளோரி, மா ஹ்லா மே என்ற பர்மியப் பெண்ணை அவள் பெற்றோரிடம் 300 ரூபாய்க்கு வாங்கி வைப்பாட்டியாக வைத்திருக்கிறான். ஒரே வரிதான்; கண் தப்பினால் போச்சு. ஃபுளோரி மணக்க ஆசைப்படும் ஆங்கிலேயப் பெண் எலிசபெத்துக்கு இப்படி விலை எழுதவில்லை. ஆனால் கையில் காசில்லாமல் கப்பலேறி வந்தவள், தங்கிய வீட்டு ஆம்பளையின் தொல்லை தாங்காமல் கல்யாணத்துக்கு அவசரப்படுகிறாள்.

அப்புறம், யார் பேசுவது யாருக்குப் புரிகிறது என்று பாருங்கள். இரண்டு பெண்களும் ஃபுளோரி வீட்டில் எதிர்ப்படும் இடத்தில் நிதானமாக நில்லுங்கள். இவள் யார் என்று எலிசபெத் கேட்கிறாள். யாரோ வேலைக்காரன் பெண்டாட்டி, சலவை விஷயமாக வந்திருக்கிறாள் என்று சமாளிக்கிறான் ஃபுளோரி. எலிசபெத்துக்குப் பர்மிய மொழி தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவன் நடுவில் நிற்பதால் பொய் செல்லுபடியாகிறது.

பிறகு மா ஹ்லா மே தேவாலயத்துக்குள் புகுந்து ஃபுளோரியைப் பார்த்துக் கூச்சல் போடும் காட்சி. கோபம் அவளுடையதுதான். ஆனால் அவளை ஏவிவிட்டவன், வெள்ளைக்காரர் கிளப்பில் இடம் பிடிக்கத் துடிக்கும் பர்மிய மாஜிஸ்திரேட் யு போ கின். பெண்ணின் கோபம் யாருக்கு லாபம் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள்.

துரைசானிகள் வந்த பிறகுதான் வெள்ளைக்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் உறவு கெட்டது என்று ஒரு பழைய வாதம் உண்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். அந்த 300 ரூபாய் உறவு என்ன வாழ்ந்தது?

கடைசிப் பக்கங்களில் மா ஹ்லா மே மாண்டலேயில் ஒரு விபசார விடுதியில் இருக்கிறாள்; வருகிறவர்கள் கொடுப்பது நாலணா. எலிசபெத் டெபுடி கமிஷனரின் மனைவி. பர்மிய மொழியில் ஒரு வார்த்தை பேசாமலே வேலைக்காரர்களை நடுங்க வைக்கிறாள். இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதி, ஆய்வேட்டை அங்கிருந்தே ஆரம்பியுங்கள். பத்துப் பக்க வரலாற்று முன்னுரையை யாரும் கேட்கவில்லை.