கியர் கடிக்கிறதா? கியர்பாக்ஸைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

தாப்பா, பீடோர் பக்கம் பழைய சத்ரியா ஜிடிஐ, சிவிக் ஈஜி, எப்போதாவது ஓர் எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் போர்மேனிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டாவது கியர் விழ மாட்டேங்குது, கடிக்குது." உடனே லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் வாங்குகிறார்கள், இல்லையென்றால் பழைய கார் பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையில் வேறு கியர்பாக்ஸ் தேடுகிறார்கள். இரண்டும் அவசரம். கோளாறு கிளச்சிலா, லீவரைப் பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜிலா, பாக்ஸுக்குள்ளேயா என்பதைப் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, கிளச்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று விழாவிட்டால் ஹேண்ட்பிரேக்கை எடுத்துக் காரை ஓரடி தள்ளிவிட்டு மறுபடி முயலுங்கள். உள்ளே பல்லோடு பல் முட்டி நின்றாலும் விழாது. அப்போதும் இறுக்கமென்றால் புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் அல்லது நைலோன் வளையம்), கேபிள், லிங்கேஜ் பக்கம் போங்கள். அணைத்த நிலையில் வழுக்கிக்கொண்டு விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளச் முழுதாக விடவில்லை. இதை உறுதி செய்ய, எஞ்சின் ஓட, நியூட்ரலில் கிளச்சை அடிவரை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பழைய பாக்ஸ்களில் ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் சின்க்ரோ, அதாவது பற்கள் கோக்கும் முன் வேகத்தைச் சமன் செய்யும் வளையம், கிடையாது. கிளச் சரியாக விட்டிருந்தால் உள்ளே சுழலும் ஷாஃப்ட் அதற்குள் நின்றிருக்கும், சத்தம் வராது. கரகரத்தால் கிளச் இழுக்கிறது, அதாவது மிதித்தும் முழுதாக விடவில்லை. நின்ற இடத்தில் எல்லாம் சரி, ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கடிக்கிறது என்றால்தான் அந்தக் கியரின் சின்க்ரோ மேல் சந்தேகப்பட வேண்டும்.

கிளச் இழுத்தால் முதலில் காலடியைப் பாருங்கள். தடித்த கால்மிதி பெடலுக்குக் கீழே மடங்கி நின்றாலே போதும், கிளச் முழுதாக விடாது. ஹைட்ராலிக் கிளச்சில் எண்ணெய் கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். அது பிரேக் எண்ணெய்தான், டாட் 3 அல்லது டாட் 4. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. நம் ஊர் ஈரப்பதத்துக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நல்லது. பாக்ஸ் ஓரத்தில், எண்ணெய் அழுத்தத்தால் கிளச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் சீல் போய்விட்டது. எண்ணெய் மாற்றி, குழாயிலுள்ள காற்றை எடுத்து முடிந்ததும் பெயின்ட்டில் சிந்திய எண்ணெயை உடனே தண்ணீரால் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும்.

அடுத்து புஷ். தோட்டச் சாலையில் ஓடும் கார்களுக்கு இதுதான் பெரிய வினை. செம்பனை லோரி கிளப்பும் செம்மண் தூசி கிரீஸில் ஒட்டி, உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். சிவிக் ஈஜியில் லீவரிலிருந்து பாக்ஸ் வரை கம்பிகள் போகின்றன. இணைப்புகளில் உள்ள புஷ் தேய்ந்தால் நியூட்ரலில் லீவர் தளதளவென்று ஆடும். புதிய புஷ் போடும் முன் பழைய கிரீஸை முழுக்கக் கழுவித் துடையுங்கள். ரப்பர் புஷ்ஷுக்கு சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸில் சில வகை ரப்பர் ஊதிப்போகும். ஐந்து கியர் எம்எக்ஸ்-5இல் லீவர் நேராகப் பாக்ஸ் மேலேயே உட்காருகிறது. முதல் இரண்டு தலைமுறைகளில் லீவர் உட்காரும் குழிக்குத் தனி எண்ணெய் உண்டு, ஏறக்குறைய 80 மில்லி. கீழ் ரப்பர் உறை கிழிந்தால் எண்ணெய் வற்றும், சூடும் சத்தமும் காருக்குள் ஏறும். லீவர் நுனியிலுள்ள நைலோன் புஷ்ஷையும் அப்போதே மாற்றிவிடுங்கள். குறுக்காக எஞ்சின் வைத்த கார்களில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மௌண்ட்டையும் பார்க்க வேண்டும். அது கிழிந்திருந்தால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது எஞ்சின் சாய்ந்து லிங்கேஜையும் கூடவே இழுக்கும்.

கியர் எண்ணெய் மாற்றும்போது நிரப்பும் மூடியை முதலில் திறங்கள். அது துருப்பிடித்துத் திறக்காவிட்டால், கீழே வடித்துவிட்ட பிறகு என்ன செய்வீர்கள்? எம்எக்ஸ்-5க்கு 75டபிள்யூ-90 தடிப்பில் ஜிஎல்-4 தர எண்ணெய், சுமார் 2 லிட்டர். ஹோண்டாவுக்கு அதன் சொந்த மேனுவல் கியர் எண்ணெயான எம்டிஎஃப். கார் சமமாக நிற்க, நிரப்பும் துளையிலிருந்து கசியும்வரை ஊற்றுங்கள். கடைக்காரர் நீட்டும் ஜிஎல்-5ஐ, கையேடு கேட்டாலொழிய வாங்காதீர்கள். சின்க்ரோ வேலை செய்வதே உராய்வால். அது வழுக்கினால் பிடிக்காது. சில ஜிஎல்-5 கலவைகள் பித்தளையையும் அரிக்கும். வடிக்கும் மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருப்பது இயல்பு. எண்ணெயில் மஞ்சள் மினுக்கம் தெரிந்தால் சின்க்ரோ தேய்கிறது, இரும்புச் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

இவை எல்லாம் சரியான பிறகு ஷார்ட் ஷிஃப்டர் போடலாம். லீவர் நகரும் தூரம் குறையும், தள்ள வேண்டிய பலம் கூடும். தேய்ந்த சின்க்ரோவுக்கு அது கூடுதல் அடி.

இனி கை. லீவரை முறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நியூட்ரலில் ஒரு கணம் விட்டால் ஸ்பிரிங்கே நடுவுக்குக் கொண்டுவரும். வலப்பக்கம் இழுத்தால் ஐந்தில் மாட்டும். ஓடும்போது கையை லீவர்மேல் வைத்திருக்காதீர்கள், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் தேயும்.

தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறி இறங்கும் வளைவுகளில் கியர் குறைப்பதுதான் கடினம். முதல் எம்எக்ஸ்-5இன் இரண்டாவது கியர் விகிதம் 1.888, மூன்றாவது 1.330. மூன்றில் 3000 சுற்றில் ஓடும்போது இரண்டுக்கு இறக்கினால் எஞ்சின் 4260 அளவில் சுற்ற வேண்டும். கிளச் மிதித்த நிலையில் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி அந்தச் சுற்றுக்கு ஏற்றிவிட்டுக் கிளச்சை விட்டால் கார் குலுங்காது. ஆனால் இதனால் சின்க்ரோவுக்கு வேலை குறையாது. அதைக் காப்பாற்ற, நியூட்ரலில் கிளச்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி கிளச்சை மிதித்து இரண்டாவது போடுங்கள். தேய்ந்த சின்க்ரோவும் இப்படிச் செய்தால் கடிக்காமல் ஏற்றுக்கொள்ளும். பிரேக்கை மிதித்தபடியே குதிகாலால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டுவதை, நேர்ச்சாலையில் கால் பழகிய பிறகு மலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் இரண்டாவது இறுக்கமாகவே இருக்கும். எண்ணெய் சூடாகும்வரை மெதுவாகத் தள்ளுங்கள், முட்டித் திணிக்காதீர்கள்.