த்ரீ ஃபேஸில் லோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தால்: அளப்பதும் பிரிப்பதும்

ஒயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். லோடு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து, விடுதி என்றால் ஏசி எல்லாம் ஓடும் இரவு 10 மணிக்கு, மெயின் ஸ்விட்சை அடுத்து ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ் ஒயர்கள், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் என நான்கு ஒயரையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

ஆர் 30, ஒய் 12, பி 9 ஆம்பியர் என்று வந்தால், நியூட்ரலில் ஏறக்குறைய 20 ஓடும். சமமாகப் பிரித்திருந்தால் ஃபேஸுக்கு 17தான், நியூட்ரல் கிட்டத்தட்ட காலி. 40 மீட்டர் நீளமுள்ள 10 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிளில் சூடாக வீணாவது 63 வாட்டிலிருந்து 110 வாட்டாக ஏறும். தினம் 8 மணி நேரம் ஓடினால் மாதம் 11 யூனிட் கூடுதல். பில்லில் இது பெரிய தொகை இல்லை.

பணம் போவது வேறு இடத்தில். முதலாவது நியூட்ரல். அந்த 20 ஆம்பியர், தளர்ந்த நியூட்ரல் ஸ்க்ரூ வழியாகப் போனால் முனை சூடேறி, ஒயரின் பிவிசி பழுப்பாகி, மீன் வாடை போல நாற்றம் வரும். ஒருநாள் தொடர்பே விட்டுவிட்டால், மேலே சொன்ன லோடில் ஆர் ஃபேஸுக்கு 150 வோல்ட், ஒய்க்கு 290, பிக்கு 305 வோல்ட் வரை வரும். லோடு குறைந்த ஃபேஸில் இருக்கும் டிவியும் ஃப்ரிட்ஜும்தான் முதலில் போகும்.

இரண்டாவது த்ரீ ஃபேஸ் மோட்டார். லோடு சாய்ந்தால் ஃபேஸ்களின் வோல்ட்டும் சமமில்லாமல் போகும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே 410, 405, 385 வோல்ட் இருந்தால் சராசரி 400, அதிலிருந்து அதிகபட்ச விலகல் 15. அதாவது 3.75 சதவீதம். இந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, அதையும் இரட்டித்தால் வைண்டிங்கின் சூடு எத்தனை சதவீதம் கூடும் என்று தெரியும்: இங்கே சுமார் 28. 1 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, 5ஐத் தாண்டினால் மோட்டாரை ஓட்டவே கூடாது. மெயினை அணைத்த பிறகும் உள்வரும் பக்கம் இதே வித்தியாசம் இருந்தால், கோளாறு உங்கள் டிபியில் (மின்பகிர்வுப் பெட்டியில்) இல்லை. மின்வாரியத்தில் புகார் கொடுங்கள்.

பிரிக்கும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும். ஒவ்வொரு எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று முதலில் பட்டியல் போடுங்கள். மேலே உள்ள கணக்கில் ஆரிலிருந்து ஓர் ஏசியை ஒய்க்கும், ஏசியும் ஹீட்டருமாக 8 ஆம்பியரை பிக்கும் மாற்றினால் போதும். மெயினை அணைத்து, மல்டிமீட்டரில் வோல்ட் இல்லை என்று உறுதி செய்தபின்தான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும்.

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஃபேஸுக்கு ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) உள்ள டிபியில், சர்க்யூட்டின் நியூட்ரலையும் அந்தந்த ஃபேஸின் நியூட்ரல் பாருக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் லோடு போட்டதும் ட்ரிப் ஆகும். பழைய வயரிங்கில் இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் ஒயர் ஓடும். அவை இரண்டையும் ஒரே ஃபேஸில் போட்டால் அந்த ஒற்றை ஒயரில் கரண்ட் கூடிப்போய்த் தீயும், எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. மோட்டாரின் மூன்று ஒயரைத் தொட வேண்டாம். இரண்டு இடம் மாறினாலே அது எதிர்த்திசையில் சுற்றும்.

முடித்ததும் அதே உச்ச நேரத்தில் மறுபடி அளங்கள். ஒவ்வொரு ஃபேஸும் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். எல்இடி, கணினி நிறைய உள்ள இடத்தில் ஃபேஸ்கள் சமமான பிறகும் நியூட்ரலில் கணிசமாகக் கரண்ட் ஓடும். ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் ஓடும் கரண்ட்) காரணம், அதனால் அங்கே நியூட்ரல் ஒயரை மெலிதாகப் போடக் கூடாது.

ஃபேஸ் செலக்டர் ஸ்விட்ச் உள்ள வீடுகளில் ஒரு ஃபேஸ் போனதும் எல்லாவற்றையும் இன்னொன்றுக்குத் திருப்புவார்கள். கரண்ட் வந்ததும் பழைய இடத்துக்குத் திருப்ப, ஸ்விட்சின் பக்கத்திலேயே எந்த அறை எந்த ஃபேஸ் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.